கல்லில் கண்டதும் வண்டியில் கண்டதும்: காஸ்பியன் மலைக்குதிரையின் வரலாறு

1965ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், ஈரான் நாட்டின் வடபகுதியிலுள்ள ஆமோல் நகரக் கடைத்தெருவில் ஒரு சிறு குதிரை பாரவண்டி இழுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த மனிதரின் நெஞ்சளவுக்குக்கூட எட்டாத உயரம். உடல் மெலிந்திருந்தது. ஆயினும் அதன் நெற்றி அகன்றும், கண்கள் பெரியனவாயும், முகவாய் குறுகியும், கால்கள் நேரிய வடிவினவாயும் இருந்தன. பொதுவாக மட்டக்குதிரை எனப்படும் குறுங்குதிரைகளுக்குப் பருத்த வயிறும் கனத்த தலையும் குட்டைக் கால்களும் இருக்கும். இக்குதிரையோ, உயர்ந்த சாதிக் குதிரையொன்றை எல்லா அளவுகளிலும் ஒரே விகிதத்தில் சுருக்கி வைத்தாற்போல் காணப்பட்டது. அதனைக் கண்டு நின்றவர் லுயீஸ் ஃபிரூஸ் என்னும் பெண்மணி. அக்குதிரையை அவர் விலைக்கு வாங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஒஸ்தாத்'. பாரசீக மொழியில் ஆசான் என்பது அதன் பொருள்.

இந்நிகழ்ச்சியே இன்று 'காஸ்பியன் குதிரை' என உலகம் அறிந்திருக்கும் இனத்தின் மறுகண்டுபிடிப்பு எனப் பல நூல்களில் கூறப்படுகிறது. 'மறுகண்டுபிடிப்பு' என்னும் சொல்லை நாம் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். ஆமோல் நகரத்து வண்டிக்காரருக்கு அக்குதிரை தொலைந்துபோன பொருளன்று; நாள்தோறும் அவர் பூட்டி அவிழ்த்த விலங்கு. அவ்வட்டார மக்கள் அதற்கு 'மௌலெகி' என்றும் 'பௌசெகி' என்றும் பெயர் வழங்கி வந்தனர். பின்னைய பெயருக்குச் சிறிய முகவாயை உடையது என்று பொருள் கூறுவர். உருவத்தைக் கூர்ந்து நோக்கிய ஒரு மக்கள் கூட்டம் வைத்த பெயர் அது. 'காஸ்பியன்' என்பதோ அருகிலுள்ள கடலின் பெயரைக் கொண்டு பிற்காலத்தில் ஏற்பட்ட வழக்கு.

அந்நிலத்தை முதலில் அறிந்துகொள்வோம். ஈரான் என்றால் பாலைநிலமே பலருடைய எண்ணத்தில் எழும். நாட்டின் வடக்கே கிழக்கு மேற்காக எல்பர்ஸ் மலைத்தொடர் ஒரு மதில்போல் நிற்கிறது. அதன் உச்சியாகிய தமாவந்த் சிகரம் 5,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. மலைக்கு வடக்கே காஸ்பியன் கடல். அக்கடலின் நீர்மட்டமோ உலகக் கடல்மட்டத்தினும் ஏறத்தாழ 28 மீட்டர் தாழ்ந்தது. கடலிலிருந்து எழும் ஈரக்காற்றை மலை தடுத்து நிறுத்துவதால் தென்புறம் வறண்டும் வடபுறம் அடர்ந்த காடாகவும் உள்ளன. ஹிர்கானியக் காடு எனப்படும் அப்பழங்காடு 2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மலையடிவாரத்தில் நெல் விளைகிறது. சேறும் சரிவும் செறிந்த மரமும் நிறைந்த அந்நிலத்தில் பெரிய உடல் ஒரு சுமையே. குறைந்த மேய்ச்சலில் உயிர் வாழ்வதும், பாறைச் சரிவில் கால் இடறாமல் நடப்பதும், லாடம் இன்றியே தேயாத குளம்பு பெற்றிருப்பதும் அங்கு வேண்டப்படும் தகுதிகள். மலை எனும் மதில், தெற்கிலிருந்து பெரிய குதிரைகள் பெருமளவில் வந்து கலவாமலும் காத்திருக்கலாம்.

குதிரையின் உயரத்தைத் தலை வரையில் அளப்பதில்லை. கழுத்து முதுகோடு கூடும் தோள்மேட்டின் உச்சி வரையிலேயே அளப்பர். அவ்வாறு அளந்தால் காஸ்பியன் குதிரை பெரும்பாலும் 100 முதல் 125 சென்டிமீட்டர் வரை நிற்கும். உயரத்தை மட்டும் கொண்டால் இது மட்டக்குதிரை வகையிலேயே அடங்கும். எனினும் இவ்வினத்தாரைப் பேணுவோர் அதனைக் குதிரை என்றே வற்புறுத்துகின்றனர். இது வெறும் பெருமைக்கான வாதமன்று. மண்டையோட்டின் நெற்றி புடைத்திருக்கும் விதம், தோள் எலும்பின் வடிவம், ஒடுங்கி நீண்ட குளம்பு ஆகியவை மட்டக்குதிரைகளினின்று வேறுபடுகின்றன என்பதே அவர்கள் காட்டும் சான்று. ஃபிரூஸ் அம்மையாரே எலும்பமைப்பை ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார். சபா மாநிலத்தின் கோத்தா பெலுட் வட்டாரத்தில் பஜாவ் மக்கள் விழாக்கோலத்தில் ஏறிவரும் சிறு குதிரைகளைக் கண்டவர்களுக்கு, சிறுமை வேறு, குறைபாடு வேறு என்பதைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

ஃபிரூஸ் அம்மையார் யார்? லுயீஸ் லெய்லின் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தவர். விர்ஜீனியா மாநிலத்தில் குதிரைகளோடு வளர்ந்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஈரானின் பழைய கஜார் அரச மரபைச் சேர்ந்த நார்சி ஃபிரூஸ் என்பவரை மணந்து 1950களின் பிற்பகுதியில் அந்நாட்டில் குடியேறினார். தெகரான் நகருக்கு அருகே நோரூசாபாத் என்னுமிடத்தில் இருவரும் குதிரையேற்றப் பள்ளியொன்றை நடத்தினர். அங்குத்தான் சிக்கல் தோன்றியது. கிடைத்த குதிரைகள் யாவும் உயரமானவை. பெரும்பாலானவை துடிப்பு மிக்க ஆண்குதிரைகள். குழந்தைகள் ஏறிப் பழகத்தக்க சிறிய, அடக்கமான குதிரை வேண்டியிருந்தது. வடக்கே மலைப்பகுதியில் மிகச் சிறிய குதிரைகள் உள்ளன என்ற செய்தி அவர் செவிக்கு எட்டியது. எனவே அவர் ஆமோலுக்குச் சென்றது தொல்பொருள் தேடியன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற குதிரை தேடி. இவ்வினத்தின் பிற்கால வாழ்வு முழுமைக்கும் இது முக்கியமானது என்று நான் கருதுகிறேன். பயன்பாடு முன்னே வந்தது. பழம்பெருமை பின்னே வந்து சேர்ந்தது.

முதற் பயணத்தில் மூன்று குதிரைகள் நோரூசாபாத் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் அவற்றோடு விரைவில் ஒட்டிக்கொண்டனர். அதன்பின் 1965 முதல் 1968 வரை காஸ்பியன் கரையோரம் நெடுகிலும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. இவ்வினத்தின் தெளிவான அடையாளங்களைத் தாங்கிய குதிரைகள் ஏறத்தாழ 50 மட்டுமே எஞ்சியிருக்கலாம் என மதிப்பிட்டனர். அவற்றுள் 30 அளவினவை ஆமோல், பாபோல், கியாகோலா ஆகிய மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட முக்கோணப் பரப்பில் இருந்தன. பல குதிரைகள் உண்ணியும் பட்டினியும் வருத்த நலிந்திருந்தன. வேறு குதிரைகளோடு கலந்தவையும் இருந்தன. அவற்றினின்று ஏழு பெண்குதிரைகளும் ஆறு பொலிகுதிரைகளும் தேர்ந்தெடுக்கப்பட்டு நோரூசாபாத்தில் இனப்பெருக்கம் தொடங்கப்பட்டது.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒரு வினா எழுப்பக்கூடும். கடைத்தெருவிலும் காட்டோரத்திலும் பொறுக்கிய 13 குதிரைகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதை எவ்வாறு அறிவது? கால்வழி எழுதிய ஏடு ஒன்றும் அப்போது இல்லை. மரபணுச் சோதனையும் அந்நாளில் கைவரவில்லை. இருந்த வழி ஒன்றே: தோற்றத்தால் ஒத்த இரண்டைச் சேர்த்து, பிறக்கும் குட்டியைப் பார்ப்பது. உணவுக் குறைவால் மட்டும் குள்ளமான குதிரையாயின், நல்ல தீனி பெற்ற தாயின் குட்டி உயர்ந்து வளரும். கலப்பினமாயின், குட்டிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத வடிவங்களில் பிறக்கும். தலைமுறைதோறும் அதே நெற்றி, அதே முகவாய், அதே உயரம் வருமாயின் அங்கே நிலைபெற்ற ஓர் இனம் உண்டு. நோரூசாபாத் குட்டிகள் பெற்றோரைப் போன்றே பிறந்தன. இச்சான்று எளிமையானது, ஆயினும் எந்தப் பழங்கல்வெட்டைக் காட்டிலும் வலியது.

பழங்கல் பற்றிய பேச்சும் இங்கு வேண்டும். ஏனெனில் இக்குதிரைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது அதுவே. பாரசீகப் பேரரசர் தேரியஸ் எழுப்பிய பெர்செபொலிஸ் நகரின் அபதானா மண்டபப் படிக்கட்டுகளில், பேரரசின் பல நாட்டு மக்களும் திறைப்பொருள் கொண்டுவரும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அவர்கள் நடத்திவரும் குதிரைகளுட் சில மிகச் சிறியனவாய்த் தோன்றுகின்றன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தேரியஸ் பெயர் மூன்று மொழிகளில் பொறித்த உருளை முத்திரை ஒன்று உள்ளது. உயரம் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. பேரீச்ச மரங்களுக்கு இடையே மன்னர் தேரில் நின்று சிங்கத்தின்மீது அம்பு தொடுக்கிறார். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் அச்சிங்கத்தின் முன் தேர்க்குதிரை சிறிதாகவே காணப்படுகிறது. அதே அருங்காட்சியகத்திலுள்ள ஆக்சஸ் புதையலில் நான்கு சிறு குதிரைகள் பூட்டிய பொற்றேர் ஒன்றும் உண்டு. இவற்றையெல்லாம் காட்டி, அரசர்கள் தேரிற் பூட்டிய குதிரையே ஆமோல் வண்டியை இழுத்த குதிரை என்று எழுதுவோர் பலர்.

இக்கூற்றில் அழகு உண்டு. ஆனால் கல் அளவுகோலன்று. அபதானாச் சிற்பங்களை ஆசிரியர்கள் வகுப்பில் காட்டும்போது குதிரையை மட்டும் பார்க்கச் சொல்லாமல், அதே வரிசையில் வரும் இரட்டைத்திமில் ஒட்டகத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அதுவும் மனிதர் நிற்கும் அதே பட்டைக்குள் அடங்குமாறு சிறுத்தே செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பட்டையில் வரும் உருவங்களின் தலைகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமைய வேண்டும் என்பது அச்சிற்பிகளின் மரபு. பிற்காலத்துச் சாசானிய அரசர் அர்தஷீர் நக்ஷ்-இ-ருஸ்தம் பாறையில் ஏறி அமர்ந்திருக்கும் குதிரையும் அவ்வாறே: அரசரின் பாதம் நிலத்தைத் தொடும்போல் தாழ்ந்திருக்கிறது. அரசரைப் பெரியவராகக் காட்ட விரும்பிய சிற்பி குதிரையைச் சிறிதாக்கினான் என்றும் கொள்ளலாமன்றோ? நம் கோயிற் சிற்பங்களிலும் தலைவனைப் பெரிதாகவும் ஏவலரைச் சிறிதாகவும் வடிக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். சிற்பச் சான்று முழுவதையும் தள்ளிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. முகவாயின் குறுக்கம், நெற்றிப் புடைப்பு முதலிய தலை வடிவ ஒப்புமைகள் கருதத்தக்கவை. உயரத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டுவது பொருந்தாது.

மரபணு ஆய்வுகள் தரும் விடையும் அளவானதே. அவை காஸ்பியன் குதிரையை மேற்காசியக் குதிரைகளின் கூட்டத்தில் வைக்கின்றன. துர்க்மன் குதிரையோடு சேர்த்து, கீழை நாட்டு இனங்களுக்கு மூத்த நிலையில் அதனை வைத்துப் பேசும் அறிஞரும் உளர். இதிலிருந்து, அரபுக் குதிரை இதன் நேர் வழித்தோன்றல் என்னும் முழக்கத்திற்குச் செல்வது ஒரு தாவல். விற்பனை விளம்பரங்கள் அத்தாவலை எளிதாகச் செய்துவிடுகின்றன.

பாரசீகக் குதிரை என்றதும் தமிழாசிரியர்களுக்குக் கடல்வழி வந்த குதிரைகள் நினைவுக்கு வரும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் அவற்றைக் கூறுகிறது. பாண்டிநாட்டுக்கு ஹோர்முஸ், கிஷ் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையாகக் குதிரைகள் இறக்குமதியானதையும், பேணும் முறை அறியாமையால் அவற்றுட் பல மாண்டதையும் 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்துள்ளார். மாணிக்கவாசகர் குதிரை வாங்கச் சென்ற கதையும் இவ்வணிகத்தின் நிழலே. ஆனால் அவை வளைகுடாத் துறைகளில் கப்பலேற்றிய போர்க்குதிரைகள். எல்பர்ஸ் மலைக்கு அப்பாலிருந்த சிறு குதிரைக்கு அந்த வணிகத்தில் இடமில்லை. போருக்கு உதவாத, விலைபோகாத குதிரையாதலால்தான் அது தன் மலையடிவாரத்திலேயே தங்கிப் பிழைத்தது போலும்.

மீண்டும் நோரூசாபாத்துக்கு வருவோம். 13 குதிரைகளிலிருந்து ஓர் இனத்தை எழுப்புவதில் உள்ள இடர் யாது? இதனைக் கணக்காகவே பார்க்கலாம். சிறு கூட்டத்தில் தலைமுறைதோறும் மரபணு வேறுபாட்டின் ஒரு பங்கு இழக்கப்படுகிறது. அவ்விழப்பு மொத்தத் தலைகளின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. ஆண், பெண் விகிதத்தையும் பொறுத்தது. ஆண்களின் எண்ணிக்கையைப் பெண்களின் எண்ணிக்கையால் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பது 'பயனுறு தொகை'. ஆறு ஆண், ஏழு பெண் எனின் அத்தொகை ஏறத்தாழ 12.9. ஒரு தலைமுறையில் இழக்கும் பங்கு, ஒன்றை இத்தொகையின் இருமடங்கால் வகுத்து வருவது. அதாவது நூற்றுக்கு நான்கு அளவு. அதே 13 குதிரைகளில் ஒன்றே ஆணும் 12 பெண்ணும் இருந்திருந்தால் பயனுறு தொகை 3.7 ஆகச் சுருங்கும். இழப்பு நூற்றுக்கு 13ஐத் தாண்டும். அழகிய பொலிகுதிரை ஒன்றைத் தெரிந்து எல்லாப் பெண்குதிரைகளுக்கும் அதனையே சேர்ப்பது குதிரை வளர்ப்போரின் வழக்கம். அவ்வழக்கம் அருகிய இனத்திற்கு நஞ்சாகும். ஆறு பொலிகுதிரைகளையும் பயன்படுத்தியதும், எந்தக் குட்டி எந்தத் தாய்தந்தைக்குப் பிறந்தது என ஏட்டில் எழுதியதும் இவ்வினத்தைக் காத்த செயல்கள். புகைப்படத்தில் அவற்றைக் காட்ட இயலாது. அதனாலோ என்னவோ புகழ்ந்து எழுதுவோரும் குறைவு.

பிறகு அரசு நுழைந்தது. 1970களின் தொடக்கத்தில் ஈரானில் பட்டத்து இளவரசரின் ஆதரவில் அரச குதிரைச் சங்கம் அமைக்கப்பட்டது. நாட்டின் தொல்லினக் குதிரைகளைப் பேணுவது அதன் நோக்கம். ஃபிரூஸ் அம்மையாரிடம் அப்போதிருந்த 23 குதிரைகளையும் அச்சங்கம் வாங்கிக்கொண்டது. 1971ஆம் ஆண்டு பாரசீகப் பேரரசின் 2,500ஆம் ஆண்டு விழா பெர்செபொலிசில் மிகுந்த ஆடம்பரத்தோடு கொண்டாடப்பட்டது. அக்காலத்தில் ஈரான் வந்த பிரிட்டிஷ் இளவரசர் பிலிப் இக்குதிரைகளில் நாட்டம் கொள்ள, ஒரு பொலிகுதிரையும் ஒரு பெண்குதிரையும் அவருக்குப் பரிசாகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டன. வண்டிக்குதிரை இப்போது அரசுப் பரிசாயிற்று.

அரச மதிப்பு இவ்வினத்திற்கு நன்மையா தீமையா என்பதை எளிதில் சொல்ல முடியாது. பணமும் பாதுகாப்பும் கிடைத்தன. அதே நேரத்தில் எல்லா முட்டைகளும் ஒரே கூட்டில் வைக்கப்பட்டன. ஃபிரூஸ் அம்மையார் 20 பெண்குதிரைகளையும் மூன்று பொலிகுதிரைகளையும் கொண்டு துர்க்மன் எல்லைப் பகுதியில் இரண்டாம் கூட்டத்தைத் தம் பொறுப்பில் தொடங்கினார். அங்கு ஓநாய்களின் தாக்குதல் ஒரு பக்கம். மறுபக்கம் சங்கத்தின் உரிமைக் கோரிக்கை. 1977இல் அப்பண்ணை மூடப்பட்டது. நாட்டிலிருந்த எல்லாக் காஸ்பியன் குதிரைகளுக்கும் தனக்கே உரிமை உண்டு எனச் சங்கம் அறிவித்தது. ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1979இல் புரட்சி வந்தது. அரச குடும்பம் நாட்டைவிட்டு நீங்கியது. அரசின் பெயர் தாங்கிய ஒவ்வொன்றும் வெறுப்புக்கு உள்ளாயிற்று; குதிரையும் அதற்கு விலக்காகவில்லை. சங்கத்தின் குதிரைகளுட் பெரும்பாலானவை ஏலத்தில் சுமைவிலங்காகவும் இறைச்சிக்காகவும் விற்கப்பட்டன. ஃபிரூஸ் இணையர் சிறைப்பட்டனர். சிறிது காலத்திற்குப் பின் வெளிவந்தனர். அடுத்து ஈராக்குடன் எட்டாண்டுப் போர். நெல்வயல் வண்டிக்காரர் தன் குதிரையை அரசர் தேரின் வாரிசு என்று ஒருபோதும் எண்ணியதில்லை. அவரிடம் இருந்தவரையில் அரசுகள் மாறியதால் அதற்கு ஊறு நேரவில்லை. அரண்மனைக் கொட்டிலில் கட்டிய பிறகே அரண்மனையின் விதி அதற்கும் விதியாயிற்று.

இனம் அழியாமைக்குக் காரணம் தடைக்கு முன்னர்ப் புறப்பட்டுச் சென்ற சிறு தொகுதியே. 1971 முதல் 1976 வரை ஒன்பது பொலிகுதிரைகளும் 17 பெண்குதிரைகளுமாக 26 குதிரைகள் ஐரோப்பா சென்றிருந்தன. அவை 19 வெவ்வேறு கால்வழிகளைச் சேர்ந்தவை. மேற்கண்ட கணக்கையே இங்கும் செய்து பார்த்தால் பயனுறு தொகை 23.5 வரும், தலைமுறை இழப்பு நூற்றுக்கு இரண்டு அளவே. மாணவர்கள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். எண்ணிக்கை இருமடங்காயிற்று என்பது மட்டும் செய்தியன்று. எந்தக் குதிரை எந்த வழியினது என்பது ஏட்டில் இருந்ததால், இங்கிலாந்துப் பண்ணைகள் நெருங்கிய உறவுகளைத் தவிர்த்து இணைசேர்க்க முடிந்தது. ஏடு இன்றிக் குதிரைகள் மட்டும் போயிருந்தால் இரண்டு மூன்று தலைமுறைகளில் உறவுக்கலப்பால் நலிவு தோன்றியிருக்கும்.

ஃபிரூஸ் அம்மையார் ஈரானை விட்டு நீங்கவில்லை. புரட்சிக்குப் பின்னும் எஞ்சிய குதிரைகளைத் தேடித் திரட்டி மூன்றாம் முறையாகத் தொடங்கினார். அவ்வாறு திரட்டியவற்றுள் ஏழு குதிரைகள் 1990களின் தொடக்கத்தில் தரைவழியாகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டன. சோவியத் ஒன்றியம் சிதறிய காலம்; இடைவழியில் போர் நடந்த பகுதிகள் இருந்தன; வண்டித்தொடரைக் கொள்ளையரும் தாக்கினர். அவற்றையெல்லாம் கடந்து 1993இல் அவை போய்ச் சேர்ந்தன. 1994இல் கணவர் மறைந்தார். பொருள்முட்டுப்பாட்டால் காஸ்பியன் குதிரை வளர்ப்பை அம்மையார் கைவிட நேர்ந்தது. அவரிடமிருந்த குதிரைகளை ஈரானிய அரசு அமைச்சு ஏற்றுக்கொண்டது. துர்க்மன் குதிரைகளோடு வடகிழக்குச் சிற்றூரிலேயே வாழ்ந்த அவர் 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் காலமானார்.

இன்று பிரிட்டன், பிற ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் இவ்வினத்திற்குத் தனிச் சங்கங்களும் கால்வழிப் பதிவேடுகளும் உள்ளன. ஈரானிலும் பேணும் பணி நடைபெறுகிறது. எனினும் அருகிய இனம் என்னும் நிலை மாறவில்லை. அமெரிக்கக் கால்நடை இனப் பாதுகாப்பு அமைப்பின் முன்னுரிமைப் பட்டியலில் அது தொடர்ந்து இடம்பெற்று வருகிறது.

புதிய நிலத்தில் புதிய வினாவும் உண்டு. மலைச்சரிவும் குறைந்த மேய்ச்சலும் பல நூறு ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வைத்த உடல் இது. இங்கிலாந்தின் செழும்புல் வெளியில் மலையின் தேர்வு இல்லை. வளர்ப்பவரின் விருப்பமே தேர்வு. வளர்ப்பவர் உயரத்தை விரும்பினால் உயரம் கூடும். காட்சியரங்கில் பரிசு பெறும் நிறம் பெருகும். கல்லில் நடவாத குளம்பு கடினமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே இனத்தின் தரவிலக்கணத்தை எழுதி, அதன்படி குதிரைகளை அளந்து பதிவு செய்கின்றனர். மலை செய்த வேலையை ஏடு செய்ய முயல்கிறது. முழுமையாகச் செய்ய முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. சில குதிரைகளையேனும் அவற்றின் சொந்த மலையடிவாரத்திலேயே வாழவிடுவது இதனால் இன்றியமையாததாகிறது.

சங்கங்கள் வைத்திருக்கும் ஏட்டைப் போலவே வேலையும் இவ்வினத்திற்கு வேண்டியிருக்கிறது. காட்சிப்பொருளாக மட்டும் நிற்கும் குதிரைக்குத் தீனி போட எத்தனை பேர் முன்வருவர்? நல்வாய்ப்பாக, இக்குதிரை பெரிய குதிரைக்கு நிகரான நடையும் உயரத்தை மிஞ்சிய தாண்டும் ஆற்றலும் உடையது. பொலிகுதிரைகளையும் பிள்ளைகள் கையாளத்தக்க அமைதி அதற்கு உண்டு. அதனால் குழந்தைகளின் குதிரையேற்றப் பயிற்சிக்கு அது பயன்பட்டு வருகிறது. பிரிட்டனில் இரண்டு சிறு குதிரைகளை ஒரு வண்டியில் பூட்டி, நட்டுவைத்த கூம்புகளுக்கிடையே நேரம் குறித்து விரைந்தோட்டும் போட்டி ஒன்று உண்டு. குறுகிய வளைவுகளில் வேகம் குறையாமல் திரும்ப வேண்டிய அப்போட்டியில் காஸ்பியன் குதிரைகளும் வண்டியிழுத்து ஓடுகின்றன.